கடைசித் தாள் இல்லாத கதை

மூன்று வருடம் இருக்கும். மாசி மாதக் கடைசி. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு கொட்டகையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் பார்க்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் திருப்பூரில் இருக்கிறான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. டவுன் பஸ்ஸில் என் ஊர் வந்தால்கூட "நிறுத்துங்க" என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் மகனும் சிரிப்பான்.

எங்கள் கொட்டகையில் இரண்டு விதமான வேலை. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி உடைப்பது ஒன்று. உள்ளே இருக்கிற பருப்பின் தோலை உரிப்பது இன்னொன்று. கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. அது பட்டால் கை வெந்துபோகும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்போம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரலில் ஏறின கறுப்பு இறங்காது. அதனால் உடைக்கிறவர்கள் வெள்ளைப் பருப்பைத் தொடக்கூடாது, உரிக்கிறவர்களின் சாக்குப் பக்கம் போகவும் கூடாது. நான் உடைக்கிறவள். மத்தியானச் சோற்றைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிடுவேன்.

உரிக்கிற பக்கம் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெரம்பலூர் பக்கம் பூலாம்பாடியில் பிறந்தவள். எங்கள் ஊர் லாரி டிரைவர் ஒருவனை வீட்டை எதிர்த்துக்கொண்டு கல்யாணம் பண்ணி வந்தவள். ஆறாவது படிக்கிற ஒரு பெண்ணும் நாலு வயதுப் பையனும் இருந்தார்கள். புருஷன் லோடு ஏற்றிக்கொண்டு போன ஊரிலேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். மாமியார் வீட்டில், "புள்ளைங்கள விட்டுட்டு நீ ஒங்க ஊருக்குக் கெளம்பு" என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலோ அவளுடைய அண்ணன், கல்யாணத்தோடு பேச்சை முறித்துவிட்டார். இதெல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரியாது. மற்றவர்கள் பேசிக்கொண்டது. அவளும் என்னைப் போலத்தான், பேசவே மாட்டாள். ஆனால் என்னுடையது கூச்சம். அவளுடையது வேறு.

பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிப்போட்ட பழைய பேப்பர் கட்டில் ஒருநாள் ஒரு புத்தகம் கிடந்தது. முன் அட்டை, பின் அட்டை இரண்டுமே இல்லை. யார் எழுதியது, என்ன பெயர், ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் படிக்கிற கதைப் புத்தகம். எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக இருந்தது. திறந்து கிடந்த பக்கத்தில் ஒரு சின்னப்பெண் ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். கையில் கறுப்பு இருந்ததால் நான் அதைத் தொடவில்லை. குனிந்து நின்றபடியே படத்துக்குக் கீழே இருந்த வரியை வாய்க்குள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாது. உதடு அசைந்தால்தான் படிப்பு வரும்.

பின்னால் குரல் கேட்டது. "பெரியம்மா, ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

அந்தப் பெண்தான். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏதோ, அஞ்சாங்கிளாசு."

"எங்களுக்கும் கேக்குற மாரி படிங்களேன்."

"நீ எட்டாவது படிச்சவள்னு சொன்னாங்களே. நீ படிக்கலாமே ஆயி."

"எழுத்து கண்ணுல நிக்க மாட்டேங்குது பெரியம்மா. ஒரு வரி படிச்சா மேல் வரி மறந்துடுது. கேக்குறது மட்டும் கேக்குது."

அதற்குமேல் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? என் கை கறுப்பு, அவள் கை வெள்ளை. அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, நான் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் தலையை ஆட்டுவேன். அவள் தாளைத் திருப்புவாள். அன்றிலிருந்து தினமும் சோறு சாப்பிட்டானதும் இது ஒரு வழக்கமாகிவிட்டது. கொட்டகையில் எண்ணெயும் எலியும் இருக்கும் என்று, புத்தகத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி அவள்தான் வீட்டுக்கு எடுத்துப்போவாள்.

கதை இதுதான். ஒரு மலையடிவாரத்து ஊர். கிணறு வெட்டப் போன அப்பா விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிடுகிறார். அம்மா அதிர்ச்சியில் பேச்சே இல்லாமல் மூலையில் உட்கார்ந்துவிடுகிறாள். பத்து வயது மகள், எப்போதோ சண்டை போட்டுப் போன அத்தையைத் தேடிக் கூட்டிவர, வீட்டில் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறாள். போகிற வழியெல்லாம் தொல்லை.

முதலில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு மூன்று நாளில் உடைக்கிற பக்கம், உரிக்கிற பக்கம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முணுமுணுவென்று படிப்பேன்.

"ஏ அக்கா, நீ படிக்கிறியா, கொசுவோட பேசுறியா?" என்று ஒருத்தி கத்துவாள்.

"அந்த ஆட்ட வித்துடுவா பாரு."

"ஒன் புத்தி அப்படித்தான் போவும். குட்டிய விப்பாளா அவ?"

"நீ போன மாசம் வித்தல்ல?"

"அது எம் மாமியா ஆடு. அதான் வித்தேன்."

எல்லாரும் சிரித்த அந்தச் சிரிப்பில் புத்தகத்தைப் பிடித்திருந்த அவளும் சிரித்தாள். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, சிரித்துவிட்டு, என்னவோ தப்பு பண்ணின மாதிரி சட்டென்று புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அவள் தன் மகளைப் பற்றி ஒருமுறை என்னிடம் சொன்னாள். "ராத்திரி சோறு போடறப்போ அன்னிக்குக் கேட்டத அவளுக்குச் சொல்லுவேன் பெரியம்மா. அதுக்குன்னே ரெண்டு பேரும் காத்துக்கிட்டு கெடக்குதுங்க."

ஒரு வெள்ளிக்கிழமை, கதையில் அந்தப் பெண் ஆற்றங்கரைக்கு வந்துசேர்ந்தாள். ஆற்றில் வெள்ளம். பாலம் இல்லை. அத்தை வீடு அக்கரையில். கையில் ஆட்டுக்குட்டி. அந்த இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எறங்கக்கூடாது. யாராவது ஆம்பள வருவான், தூக்கிட்டுப் போவான்" என்றாள் ஒருத்தி.

"ஆமா, ஆம்பள வந்து என்னைக்கு நம்மள ஆத்தத் தாண்ட வச்சிருக்கான்? நட்டாத்துல உட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவான்" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பையில் சுற்றிக்கொண்டே, "தாண்ட முடியாது" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை, யாரிடமும் சொன்ன மாதிரியும் இல்லை. நான் கட்டையை எடுத்துக்கொண்டு என் கல்லுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. பையனுக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்தபோது, கொட்டகை வாசலில் அவளுடைய மகள் வந்து நின்றாள். கையில் பாலித்தீன் பை.

"அம்மாயி, அம்மா இத ஒங்ககிட்ட குடுத்துட்டு வரச் சொன்னுச்சு."

"ஏன் கண்ணு? கதை இன்னும் முடியலயே. நாளைக்கழிச்சு வரப்போ எடுத்துட்டு வரச் சொல்லு."

"இனிமே வேணாமாம்." அந்தப் பிள்ளை காலால் தரையைக் கிளறிக்கொண்டு நின்றது. "எதுத்த வூட்டுல வாங்குன சல்லடையையும் குடுத்துட்டு வரச் சொன்னுச்சு. குடுத்துட்டேன். சீக்கிரம் வரணுமாம், எங்கயோ போறோமாம்."

"எங்க?"

"சொல்லல. தம்பிக்குத் தலை சீவி, தீவாளி சட்ட போட்டு உட்டுருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அம்மா காலையிலேர்ந்து அழுவல அம்மாயி" என்றது. "தெனமும் அழுவும். இன்னிக்கு அழுவல. அதான் எனக்கு ஒரு மாரியா இருக்கு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் இரவல் வாங்கின பொருளை வைத்துக்கொண்டு யாரும் நெடும்பயணம் போகமாட்டார்கள். திருப்பதிக்குப் போவதாக இருந்தால்கூட வாங்கின சல்லடை, முறம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஆனால் கதையின் நடுவில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா? கதையில் அந்தப் பெண் ஆற்றங்கரையில் நிற்கிறாள், அவள் என்ன ஆனாள் என்று தெரியவேண்டாம் என்றால், அதற்கு என்ன அர்த்தம்? நாளைக்கு என்ற ஒன்றே புத்தகத்தைக் கொடுத்தனுப்பியவளுக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது. அதற்கு எல்லாம் தெரிந்திருந்ததா, பாதி தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அம்மா சீக்கிரம் வா என்று சொல்லியும், புத்தகத்தை வாசலில் வைத்துவிட்டு அது ஓடிப்போகவில்லை. தனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னது. பெரிய மனுஷிகள் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

யாரிடமும் சொல்லாமல், கையைக்கூடக் கழுவாமல், அதன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். அதுவரை ஒருவர் வீட்டு வாசலுக்கு அழைக்காமல் நான் போனது கிடையாது.

வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்திருந்தாள். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பையனை மடியில் வைத்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்ன பெரியம்மா?"

என்ன சொல்வது? வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டு வந்த எதுவும் வாய்க்கு வரவில்லை. "அப்படிப் பண்ணாத" என்று சொல்லலாமா? "எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லலாமா? எனக்கு எப்போது பேச வந்திருக்கிறது? வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியே போவதென்றால் அவர்கள் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.

என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "கை கறுப்பா இருக்கு. நீ புடி. நேத்து விட்ட எடத்துலேர்ந்து படிக்கணும்."

"வேணாம் பெரியம்மா. நாங்க வெளிய கெளம்புறோம்."

"கெளம்பலாம். இது முடியட்டும்."

"பெரியம்மா..."

"நான் ஒன்ன எதாவது கேட்டிருக்கேனா? இது ஒண்ணுதான கேக்குறேன். புடி ஆயி."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். மகள்தான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவள் கையில் திணித்தது. கடைசியில் அவள் உட்கார்ந்தாள். என் முகத்துக்கு நேராகப் புத்தகத்தைப் பிடித்தாள். என் கண்ணில் தண்ணீர். எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

வெள்ளம் சுழித்துக்கொண்டு போகிறது. அந்தப் பெண் தண்ணீரில் ஒரு காலை வைக்கிறாள். ஆட்டுக்குட்டி வரமாட்டேன் என்று கயிற்றை இழுக்கிறது. அவள் காலை எடுத்துக் கரையிலேயே நிற்கிறாள். அக்கரையில் புகை தெரிகிறது, யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அவள் அதுவரை யாரிடமும் உரக்கப் பேசாத பெண். வீட்டில் நடந்ததை வெளியே சொன்னால் கேவலம் என்று நினைத்த பெண். ஒரு பக்கம் முடிந்தது. தலையை ஆட்டினேன். தாள் திரும்பியது. அந்தப் பக்கத்தில், இருப்பதிலேயே பெரிய எழுத்தில் ஒரு வரி.

அதை முணுமுணுக்க முடியாது. எழுத்தே அப்படி இருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, நான் பிறந்ததிலிருந்து போடாத சத்தத்தை எல்லாம் சேர்த்து வைத்துப் போட்டேன்.

"யாராச்சும் இருக்கீங்களா! எங்களக் காப்பாத்துங்க! யாராச்சும் வாங்க!"

மடியில் இருந்த பையன் பயந்துபோய் வீறிட்டான். அடுத்த நிமிடம் எதிர்வீட்டுக்காரி சல்லடையும் கையுமாக ஓடிவந்தாள். பின்னாலேயே பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஒரு பெரியவர்.

"என்னாடி ஆச்சு? யாருக்கு என்ன?"

"பாம்பா? பாம்பு பூந்துடுச்சா?"

"சல்லடைய இப்பதான குடுத்தனுப்புன, அதுக்குள்ள என்ன?"

யார் கத்தினது என்று கேட்டார்கள். மகள் என்னைக் கை காட்டியது. அவர்கள் நம்பவில்லை. எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "இந்தக்காவா? இந்தக்காவுக்குக் குரல் இருக்கா?" என்றாள்.

அதைக் கேட்டதும் புத்தகத்தைப் பிடித்திருந்தவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து அழாத அழுகை. யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. கவிழ்த்த பாத்திரங்களையும் நல்ல புடவையையும் பார்த்து எதிர்வீட்டுக்காரிக்கே புரிந்துவிட்டது. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக்கொண்டு, "அடிப்பாவி, ஒரு சுவத்துக்கு அந்தப் பக்கந்தான இருக்கோம். ஒரு தட்டு தட்டக்கூடாதா?" என்று அவளும் அழுதாள்.

கொஞ்சம் தணிந்ததும் நான் மிச்சத்தையும் படித்துவிடலாம் என்று தலையை ஆட்டினேன். அவள் தாளைத் திருப்பினாள். பின்னால் ஒன்றும் இல்லை. அட்டையோடு கடைசித் தாளும் கிழிந்து போயிருந்தது.

மகள் மெதுவாகச் சொன்னது. "எனக்கு முன்னாடியே தெரியும் அம்மாயி. மொத நாளே பாத்துட்டேன்."

"அப்பறம் ஏண்டி சொல்லல?" என்றாள் அவள்.

"சொன்னா நீ கேக்கறத விட்டுடுவ. கத சொல்றப்பதான் நீ சோறு திம்ப."

அந்த இடத்தில் எங்களில் ஒருவர் கண்ணும் காயவில்லை. அந்தப் பெரியவர் மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்காரிதான், "ஒங்க அண்ணன் நம்பர் என்ன?" என்று கேட்டாள். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மகள் நம்பரை மனப்பாடமாகச் சொன்னது. என்றைக்காவது தேவைப்படும் என்று எங்கிருந்தோ பார்த்து மனதில் வைத்திருந்ததாம். எதிர்வீட்டுக்காரி போனை அதன் கையிலேயே கொடுத்தாள். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"மாமா, நான்தான். ஒங்க தங்கச்சி பொண்ணு."

"அம்மா எங்க?" என்றார்.

"இருக்கு மாமா. பக்கத்துலதான் இருக்கு. ஆனா நீங்க வரணும்."

"கெளம்பிட்டேன். போன வைக்காத. வைக்காத சாமி, பேசிக்கிட்டே இரு."

அவர் செருப்பைத் தேடுவதும் வண்டியை உதைப்பதும் எங்களுக்குக் கேட்டது.

பொழுது சாயும் முன்பே வந்துவிட்டார். வெங்காயக் காட்டிலிருந்து அப்படியே வந்திருப்பார் போல, காலெல்லாம் மண். வாசலில் நின்றுகொண்டு தங்கையைப் பார்த்தார்.

"ஏன்டி, இத்தன வருசமா ஒரு போன் பண்ண ஒனக்கு வாய் இல்ல?"

"நீதான பேசமாட்டேன்னு சொன்ன."

"சொன்னேன். சொன்னா? நீ அப்படியே விட்டுடுவியா? சின்ன வயசுல நான் சொன்ன எதக் கேட்டுருக்க, இத மட்டும் கேக்குறதுக்கு?"

பையன் யார் என்றே தெரியாமல் அவர் காலைக் கட்டிக்கொண்டான். என் கையைப் பார்த்தேன், அப்போதும் சாம்பலும் கறுப்புமாக இருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. எப்போது தொட்டேன் என்று எனக்கே தெரியாது.

கதை சொன்னதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அண்ணன் மூன்று பேரையும் பூலாம்பாடிக்குக் கூட்டிப்போனார். பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் காட்டினார். மாத்திரை கொடுத்து, உட்காரவைத்துப் பேசிப் பேசித்தான், பல மாதம் கழித்து அவளுக்குத் தூக்கம் வந்ததாம். இப்போது அங்கேயே வேலைக்குப் போகிறாள். எழுத்தும் கண்ணில் நிற்கிறதாம். மகள் ஒன்பதாவது படிக்கிறது. அவர்கள் கிளம்பும்போது புத்தகத்தை அதனிடமே கொடுத்துவிட்டேன்.

கொட்டகையில் எங்களுக்கு அந்தக் கதை முடியவே இல்லை. படகு வந்தது என்பாள் ஒருத்தி. அத்தையே நீந்தி வந்தாள் என்பாள் இன்னொருத்தி. "எம் மாமியா ஆடு மேல ஏறிப் போயிட்டா" என்பாள் ஆடு விற்றவள். நான் இப்போதெல்லாம் பஸ்ஸில் "தம்பி, நிறுத்துப்பா" என்று சத்தமாகவே சொல்லி என் ஊரிலேயே இறங்குகிறேன்.

மாதத்துக்கு ஒருதடவை பூலாம்பாடியிலிருந்து போன் வரும். "பெரியம்மா, சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், கடைசித் தாள் இல்லாத அந்தக் கதையில் அந்தப் பெண் ஆற்றைத் தாண்டிவிட்டாள் என்றுதான் என் மனதுக்குப் படும்.